செடியைப் பார்க்காத கைகள்

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் புகையிலையை நம்பி அடுப்பு மூட்டுகிறார்கள். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ஈரத்துணிக்குள் வெட்டிய இலைக்கட்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஆயிரத்துக்குள் போகும் தூள் கால் கிலோகூட எடை வராது. அது கர்நாடகத்து நிப்பாணியிலிருந்தோ குஜராத்தின் ஆனந்த், கேடா பக்கத்திலிருந்தோ மூட்டையாக வருகிறது. சுற்றும் இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, தெலங்கானா காடுகளில் பறித்த தெண்டு இலை. இரண்டும் வெளியூர்ச் சரக்கு. இங்கே உள்ளது பெண்களின் விரல்கள் மட்டும். வாழ்நாளெல்லாம் புகையிலைத் தூளை அளந்த அந்த விரல்களில் பல, ஒரு புகையிலைச் செடியைத் தொட்டதே இல்லை.

என் சின்னம்மாவும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து பீடி சுற்றியவள். தூளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலே போன சரக்குக்கும் இந்தச் சரக்குக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லிவிடுவாள். செடி எப்படி இருக்கும் என்று கேட்டபோது மட்டும் அவளுக்குப் பதில் இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் வீட்டுப் புழக்கடையில் கொஞ்சம் புகையிலை போட்டேன். வேடசந்தூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் விதையைக் காகிதத்தில் மடித்துத் தந்தார். திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் தமிழ்நாட்டு மெல்லும் புகையிலையின் தலைநகரம். 1947-இல் ராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கிய நிறுவனத்துக்கு அங்கே ஒரு கிளை உண்டு. அபிராமி, மீனாட்சி, பாக்கியலட்சுமி என்று அந்தக் கிளை தன் ரகங்கள் சிலவற்றுக்குச் சாமி பெயர்களாக வைத்தது. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூது அனுப்பிப் பாடியதும் அந்தச் சீமையின் கடவுளான பழனி முருகனிடம்தான்.

விதையைப் பார்த்தால் நம்பிக்கை வராது. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். மூச்சு பட்டால் பறந்துவிடும். மண்ணுக்குள் புதைத்தால் முளைக்காது, அதற்கு வெளிச்சம் வேண்டும். மணலில் கலந்து மேலாகத் தூவி, கையால் லேசாகத் தட்டிவிட்டு, பூவாளியில் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆவணி புரட்டாசியில் நாற்றங்கால், ஆறேழு வாரத்தில் நடவு, ஐப்பசி மழையில் வேர் பிடிப்பு என்பது தமிழ்நாட்டுக் கணக்கு. நாற்று முதலில் முள்ளங்கி நாற்றைப் போலத்தான் தெரியும். சின்னம்மா குனிந்து பார்த்து, "இன்னாடா இது, கீரையாட்டம் கீது. இதா போயிலை?" என்றாள். மார்கழியில் அதே செடி அவள் தோளைத் தொட்டபோது பேசாமல் இலையின் அடியைத் தடவிப் பார்த்தாள். இலை முழுக்க மெல்லிய ரோமம். அதில் சுரக்கும் பிசின் விரலில் ஒட்டிக் கறுத்துப்போகும். எவ்வளவு சோப்பு போட்டாலும் உடனே போகாது. பீடித் தூளின் வாசனை பச்சை இலையில் கிடையாது. அந்த வாசனை வருவதற்கு இலை முதலில் சாக வேண்டும்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லாமல் இந்த ஊரில் எந்தச் செடியைப் பற்றியும் பேச முடியாது. புழக்கடையில் கிணறு இருக்கிறது. அந்தத் தண்ணீரை நான் விடவில்லை. மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் மிச்சம் பிடித்து ஊற்றினேன். பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு காவிரியைக் குடிக்கும் நிலை எங்களுடையது. காரணம் இங்குள்ள தோல் தொழில். தோலை அழுகாமல் காக்க உப்பிடுகிறார்கள், பதனிடும் முன் அந்த உப்பைக் கழுவிவிடுகிறார்கள், கழுவிய தண்ணீர் பல பத்தாண்டுகள் ஏரிக்கும் ஆற்றுக்கும் போனது. முன்பு ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலத்தில் கழிவு வேறு மாதிரி இருந்தது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும், முழுதாக முடித்த தோலை நோக்கிக் குரோமியத்துக்கு வேகமாக மாறினோம். அந்நியச் செலாவணி வந்தது. கிணறுகள் போயின.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வரும் முன்பே காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தில் அந்தத் தீர்ப்பால் வேரூன்றின. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர், சுமார் 170 வகை ரசாயனங்கள், தோல் பதனிடும் பகுதியில் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போன நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்று தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. சுற்றுச்சூழல் இழப்பை அளக்க அமைத்த ஆணையம் 2001-இல் 29,193 குடும்பங்களுக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. ஒரு கிணற்றின் விலை அதுவா என்ற கோபம் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

இந்த உப்புத் தண்ணீரில் புகையிலைக்கென்று ஒரு தனிக் கணக்கும் உண்டு. மெல்லும் புகையிலை கொஞ்சம் உப்புத் தண்ணீரைத் தாங்கும். திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பழைய விவசாயிகள் உப்புக் கிணற்றுத் தண்ணீரில் விளைந்த இலைக்குக் காரம் கூடும் என்று அந்தக் கிணறுகளைத் தேடிப் போனதும் உண்டு. ஆனால் புகைக்கும் இலைக்கு உப்பு ஆகாது. குளோரைடு ஏறினால் நெருப்பு நிற்காது, பீடி பாதியில் அணைந்துவிடும். அதைவிடக் கவலைக்குரிய குணம் ஒன்று இந்தச் செடிக்கு இருக்கிறது. மண்ணில் இருக்கும் காட்மியம் போன்ற கன உலோகத்தை வேரோடு நிறுத்திவிடாமல் இலை வரைக்கும் கொண்டுபோகும் பயிர்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. மண்ணுக்கு நாம் செய்ததை எல்லாம் செடி இலையில் எழுதி வைத்துக்கொள்கிறது. அதனால்தான் என் செடிகளை எங்கள் தரையில் நடவில்லை. ஏரி வண்டலும் சாணி எருவும் கலந்து நிரப்பிய சாக்குகளில் வைத்தேன்.

தை பிறக்கும்போது மொட்டு வந்தது. விவசாயி அந்த மொட்டைப் பூக்க விடமாட்டான். கிள்ளிவிடுவான். கிள்ளினால் பக்கத்தில் கொழுந்து வெடிக்கும், அதையும் ஒடிக்க வேண்டும். வாரம் தவறாமல் ஒடித்தால்தான் செடியின் பலமெல்லாம் இருக்கும் இலைகளுக்குப் போகும். இலை அகலும், தடிக்கும், காரம் ஏறும். காரம் ஏறுவதற்குக் காரணம் மேலே இல்லை. நிக்கோட்டின் இலையில் உண்டாவதில்லை, வேரில் உண்டாகி இலைக்கு ஏறுகிறது. தலையைக் கிள்ளியதும் செடி தன்னை யாரோ மேய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு வேரில் இன்னும் அதிகமாக நஞ்சு சுரக்கிறது. மனிதன் விரும்பி இழுப்பது, தன்னைத் தின்ன வருபவனை விரட்ட ஒரு செடி தயாரித்த மருந்து. இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். கிள்ளிய இடத்தில் ஈரம் கசிய, அடுத்த வாரமே இலைகள் கனத்துத் தொங்கியதைக் கண்ணால் பார்த்தபோது அந்தப் படிப்புக்கு உயிர் வந்தது.

ஆனாலும் இந்த நஞ்சுக்கு அஞ்சாத புழு ஒன்று உண்டு. இந்தப் பக்கத்து நிலக்கடலை விவசாயிகளுக்கு அதை நன்றாகத் தெரியும். புரோட்டீனியா என்பார்கள், வேளாண் துறை புகையிலைப் புழு என்று எழுதும். ராத்திரியில் டார்ச் அடித்துப் பொறுக்கினேன். வீட்டில் தக்காளியோ மிளகாயோ வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் விழும் நோய் புகையிலையிலிருந்து கை வழியாகவே அவற்றுக்குத் தொற்றும். பீடி பிடித்த கையோடு தக்காளி நாற்றைத் தொட்டாலும் வரலாம். உலகத்தில் வைரஸ் என்று ஒன்று இருப்பதையே மனிதன் 1890-களில் இந்தத் தேமலை ஆராய்ந்துதான் தெரிந்துகொண்டான்.

முற்றிய இலை பேசும். மேல்பரப்பு கொப்புளம் கொப்புளமாகச் சுருங்கி, பச்சைக்குள் மஞ்சள் திட்டு விழும். மடக்கினால் நடுநரம்பு பட்டென்று ஒடியும். மெல்லும் புகையிலைக்குச் செடியை அடியோடு வெட்டி, வயலிலேயே வாடவிட்டு, பிறகு பந்தலில் தொங்கவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் குடிலுக்குள் தேங்காய் மட்டையை எரித்துப் புகை போடுவார்கள். அந்த இலை ஒரு காலத்தில் கடல் கடந்து திருவிதாங்கூர் போய், அங்கிருந்து வந்த பணம் யாழ்ப்பாணத்தில் கல்வீடுகளாக எழுந்தது. வேதாரண்யத்தில் மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகச் செடிக்குச் செடி தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். பீடி இலை பெரும்பாலும் வெயிலிலேயே காய்ந்து நொறுங்கித் தூளாகிறது. நான் இலைகளைக் காம்பில் ஊசி கோத்து, தாழ்வாரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகியது. காய்ந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சாக்கால் மூடிப் பாரம் வைத்தேன். உள்ளே சூடு ஏறியது. கையை விட்டால் தெரிந்தது. அடுக்கைக் கலைத்து, அடியில் இருப்பதை மேலே போட்டு மறுபடி மூடினேன். அப்போதுதான் சின்னம்மா வாழ்நாளெல்லாம் முகர்ந்த வாசனை முதல்முதலாக எழுந்தது.

என் அப்பா டேனரியில் வேலை பார்த்தவர். அந்த அடுக்கை ஒருமுறை கலைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் நம்ம வேலைதான்" என்றார். அவர் சொன்னது உண்மை. பச்சைத் தோலுக்கும் பச்சை இலைக்கும் விதி ஒன்றே. இரண்டையும் சும்மா விட்டால் அழுகும். முழுக்க அழுகாமல், வேண்டிய அளவுக்கு மட்டும் உள்ளே சிதைய விட்டு, சரியான நாளில் நிறுத்துவது தொழில். தோலில் சுண்ணாம்புக் குழியும் நொதியும் செய்வதை இலையில் காற்றும் சூடும் செய்கின்றன. எந்த நாளில் நிறுத்துவது என்பது மூக்குக்கும் விரலுக்கும் மட்டுமே தெரியும். அந்த அறிவு உடையவர்களை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? தோலைத் தொட்டவர்களைச் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே வைத்தோம். பீடி சுற்றியவர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் வீட்டுக்குள் வைத்தோம். கம்பெனிப் பெயர் பீடிக் கட்டில் அச்சாகும், சுற்றியவள் பெயர் பாஸ் புத்தகத்தில்கூடச் சில வீடுகளில் புருஷன் பெயராக இருக்கும்.

பச்சைப் புகையிலையை ஈரத்தோடு அறுப்பவர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். தோல் வழியாக நிக்கோட்டின் உள்ளே போவதால் வருவது அது. காய்ந்த தூளும் சும்மா இருப்பதில்லை. பீடி பிடிக்காத, ஆனால் சுற்றுகிற பெண்களின் சிறுநீரில் நிக்கோட்டின் சிதைந்து உண்டாகும் கோடினைனை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். உடல் எதையும் மறைக்காது. சுற்றுகிற அறையில்தான் சமையல், அங்கேதான் குழந்தைக்குத் தூளி. தூள் காற்றில் இருக்கிறது, பாயில் இருக்கிறது, சோற்றுத் தட்டில் இருக்கிறது.

குழந்தைகள் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அதற்கு இருபது வருடம் கழித்தும் இந்தப் பகுதியின் அன்றைய மாவட்டமான வட ஆற்காட்டில் அப்பா அம்மா வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் பீடி ஏஜெண்டின் வீட்டில் உட்கார்ந்து பீடியின் நுனியை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியக் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 1996-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த மாவட்டத்துக்கும் இடம் உண்டு. அப்போது இங்கே ஆட்சியராக இருந்த எம்.பி.விஜயகுமார் அந்தப் பிள்ளைகளை மீட்டுப் படிக்க வைக்கும் வேலையைக் கையில் எடுத்தார். வேலையிலிருந்து வந்த பிள்ளையை வழக்கமான வகுப்பில் உட்கார வைத்தால் நிற்காது என்று கண்டு, அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில் கற்கும் முறையை அங்கே முயன்றார்கள். பிறகு அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானபோது 2003-இல் அந்த முறை மாநகராட்சிப் பள்ளிகளுக்குள் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்கச் செயல்வழிக் கற்றலாகப் பரவியது. நம் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்ததற்கு ஒரு வேர், வட ஆற்காட்டுப் பீடிப் பிள்ளைகளிடம் இருக்கிறது. இதை எந்தப் பள்ளிச் சுவரிலும் எழுதி வைக்கவில்லை.

விளைவித்தவர்களின் கதையும் மேலானதல்ல. 1943-இல் போர்க்காலத்தில் புகையிலைக்கு வரி வந்தது. பதப்படுத்தாத இலைக்குப் போட்ட வரியை 1979 வரவு செலவுத் திட்டத்தில் சரண் சிங் நீக்கினார். அந்த முப்பத்தாறு வருடம் புகையிலை போட்டவன் சர்க்கார் கண்ணுக்கு முன்னால்தான் விவசாயம் செய்தான். 1981-இல் நிப்பாணி விவசாயிகள் இலைக்கு நியாய விலை கேட்டு நெடுஞ்சாலையில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். போலீஸ் சுட்டது, பலர் செத்தார்கள். அந்த நாலாம் எண் சாலைதான் பெங்களூர் தாண்டி, ராணிப்பேட்டை வழியாகச் சென்னைக்குப் போனது. அவர்கள் விற்ற இலையை இந்த முனையில் எங்கள் பெண்கள் சுற்றினார்கள். ஒரே சாலையின் இரண்டு முனைகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

என் அறுவடையில் ஒரு சின்னக் கட்டுதான் தேறியது. சின்னம்மா ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து, "நல்ல சரக்கு, ஆனா ஈரம் இருக்குது" என்றாள். யாருக்கும் அதைப் புகைக்கக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். புகையிலை ஆளைக் கொல்லும். பீடி சிகரெட்டைவிடச் சாது என்று இன்னமும் நம்புகிறவர்களுக்கு நுரையீரல் மருத்துவர்கள் நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். பாதியைத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு, செம்பருத்தியில் இருந்த மாவுப்பூச்சிக்குத் தெளித்தேன். ஒரு செடியை மட்டும் கிள்ளாமல் பூக்க விட்டிருந்தேன். வெளிர் சிவப்பில் நீளமான குழல் பூ. இவ்வளவு அழகான பூவை விவசாயி பெரும்பாலும் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

பீடி ஒருநாள் நிற்கும். நிற்கவும் வேண்டும். குடிப்பவர்கள் குறைகிறார்கள், பீடி சுற்றியவர்களின் மகள்கள் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அங்கேயும் பசையும் கறாரான பீஸ் கணக்கும் இருக்கின்றன, ஆனால் மாதச் சம்பளமும் பி.எஃபும் உண்டு. பஸ் ஏற முடியாத வயதில் இருக்கும் தாய்மார்களுக்கு என்ன வழி? 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரளத்தில் நடைமுறைப்படுத்தியபோது அதை ஏற்க மனமில்லாத முதலாளிகள் கண்ணூரில் கம்பெனிகளை மூடினார்கள். வேலை இழந்தவர்கள் 1969-இல் கேரள தினேஷ் பீடி என்று கூட்டுறவு தொடங்கினார்கள். புகையிலை சரிந்தபோது அந்தக் கூட்டுறவு உணவுப் பொருள், குடை, துணி என்று வேறு தொழிலுக்குத் திரும்பியது. வழி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கூட்டுறவை நாங்கள் கட்டவில்லை.

இருந்த சின்னக் குடையையும் சுருக்கிவிட்டார்கள். பீடி நல வரி, நல நிதி இரண்டும் 1976-ஆம் ஆண்டுச் சட்டங்கள். ஒவ்வோர் ஆயிரம் பீடியிலும் பிடித்த காசிலிருந்துதான் அடையாள அட்டை வைத்திருந்த பெண்ணுக்கு மருந்தும், அவள் பிள்ளைக்குப் படிப்பு உதவியும், சிலருக்கு வீடு கட்டப் பணமும் வந்தன. 2017-இல் ஜி.எஸ்.டி வந்தபோது அந்த வரி போய்விட்டது. 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்தது. பீடியிலிருந்து அரசு இப்போதும் வரி எடுக்கிறது. அந்த வரியில் ஒரு பங்கை, சுற்றிய கைகளின் பெயரில் தனியாக ஒதுக்க வேண்டும். நுரையீரல் சோதனை, அறுபது வயதில் ஓய்வூதியம், மாறிக்கொள்ள நினைப்பவளுக்கு அவள் கேட்கும் தொழிலில் பயிற்சி ஆகியவை அந்த நிதியிலிருந்து வர வேண்டும். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மூன்று மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்களும் மக்களவை உறுப்பினர்களும் அடுத்த முறை உங்கள் தெருவுக்கு வரும்போது, தயவுசெய்து இதை அவர்களிடம் கேளுங்கள்.